பன்னிரண்டு பைலட்டுகள், இருபது மோதல்கள்: குண்டடம் பக்கம் ஒரு பட்ட வித்தைப் போட்டி நடந்த விதம்

தாராபுரத்திலிருந்து குண்டடம் போகும் வழியில் ஒரு மேட்டாங்காடு. தை மாதம் சோளத்தட்டு அறுத்ததோடு சரி, அப்புறம் சும்மா கிடந்தது. அங்கே ஆவணி மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை இரட்டைக் கயிற்றுப் பட்டங்களுக்கான வித்தைப் போட்டி ஒன்றை நடத்தினோம். ஏற்பாட்டுக் குழுவில் நானும் ஒருவன். யார் ஜெயித்தார் என்பதை எழுத இந்தக் கட்டுரை இல்லை. எத்தனை ஆட்கள் தேவைப்பட்டார்கள், யாரை எங்கே நிறுத்தினோம், ஆள் பற்றாக்குறையால் போட்டியின் விதிமுறையே எப்படித் திரும்பிப்போனது என்பதை, அடுத்து நடத்த நினைக்கிறவர்களுக்காக எழுதி வைக்கிறேன்.

பழக்கம் இல்லாதவர்களுக்கு ஒரு சிறு விளக்கம். இது வால் வைத்த காகிதப் பட்டம் இல்லை. முக்கோண வடிவம், கார்பன் குச்சிகள், கிழிசல் பரவாத ரிப்ஸ்டாப் துணி, 25 முதல் 30 மீட்டர் நீளத்தில் இரண்டு கயிறுகள், இரண்டு கையிலும் வார். அதைப் பிடித்துப் பறக்கவிடுகிறவரைப் பைலட் என்போம். வலது கையை இழுத்தால் வலப்பக்கம் திரும்பும், இடது கையை இழுத்தால் இடப்பக்கம். இங்கிலாந்தின் பீட்டர் பவல் 1970-களில் இந்த வகைப் பட்டத்தைப் பிரபலமாக்கினார். அப்போதெல்லாம் வட்டமும் எட்டும் போடுவதே பெரிய விஷயம். வித்தைகள் பிறகு வந்தவை. பட்டம் ஒழுங்காகப் பறந்துகொண்டிருக்கும்போது கயிற்றைச் சட்டென்று தளரவிட்டு, அதைக் கவிழ்த்து, மல்லாத்தி, சுழற்றி, மறுபடி பிடித்துக்கொள்வதுதான் வித்தை. நின்ற நிலையிலிருந்து தட்டையாக ஒரு முழுச் சுற்று சுற்றினால் ஆக்ஸல். மல்லாந்து படுத்து மூக்கைப் பைலட் பக்கம் நீட்டி அப்படியே மிதந்தால் ஃபேட். அதே மல்லாந்த நிலையில் மூக்கு எதிர்ப்பக்கம் இருந்தால் டர்ட்டில். இந்த இரண்டுக்கும் இடையே மாறி மாறி ஆடினால் ஃபிளிக் ஃபிளாக். பட்டம் தன் கயிற்றையே உடம்பில் சுற்றிக்கொண்டு உருண்டு, பிறகு அவிழ்ந்து வந்தால் யோ-யோ.

காற்றும் காடும்

பாலக்காட்டுக் கணவாய் மேற்குத் தொடர்ச்சி மலையில் ஏறத்தாழ 30 கிலோமீட்டர் அகலத்துக்குத் திறந்து கிடக்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று அந்த வழியாகப் புகுந்துதான் பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம், தாராபுரம் பக்கமெல்லாம் பாய்கிறது. இந்த வட்டாரத்தில் காற்றாலைகள் வரிசைகட்டி நிற்பதும் அதனால்தான். இதைக் கேட்ட வெளியூர் நண்பர்கள் எல்லாரும் சொன்னது ஒன்றே: ஆடியிலேயே வைத்துவிடலாமே! ஆடிக்காற்று வித்தைக்கு ஆகாது. மணிக்கு 8 முதல் 20 கிலோமீட்டர் வேகத்தில் சீராக வரும் காற்றுதான் இதற்குச் சுகம். அதைத் தாண்டி 30, 35 என்று அடித்தால் கயிறு தளரவே தளராது. தளராத கயிற்றில் வித்தை ஏது? தை மாதமும் சரிப்படாது. பொள்ளாச்சியில் 2015-லிருந்து பலூன் திருவிழா ஜனவரியில் நடக்கிறதென்றால், அந்த விடிகாலைகளில் காற்று அடங்கிக் கிடப்பதால்தான். வெப்பக்காற்று பலூனுக்கு எது வரமோ அது எங்களுக்குச் சாபம். மேற்குக் காற்று அடங்கத் தொடங்கும் ஆவணிக் கடைசிதான் நடுவில் கிடைத்த இடம்.

சூரியனையும் கணக்கில் எடுக்க வேண்டியிருந்தது. காற்று மேற்கிலிருந்து வருவதால் பைலட் மேற்கே முதுகு காட்டி நிற்பார், பட்டம் கிழக்கு வானத்தில் நிற்கும். காலை ஏழு மணிக்குக் காற்று அருமையாக இருக்கும், ஆனால் பட்டம் நேராகச் சூரியனுக்குள் போய்விடும். நடுவர் கண் கூசாமல் பார்க்க முடியாது. பிற்பகலில் வெயில் முதுகுக்குப் பின்னால் போய்விடும், காற்று மட்டும் கூடிக்கொண்டே வரும். அதனால் 11 மணிக்குத் தொடங்கி 5 மணிக்குள் முடிப்பது என்று வைத்துக்கொண்டோம். ஆறு மணி நேரம் என்ற இந்த எல்லைதான் பிற்பாடு எல்லாவற்றையும் தீர்மானித்தது.

இடம் தேடும்போது பொள்ளாச்சிப் பக்கம் முதலிலேயே விழுந்துபோனது. காற்று வரும் பக்கம் ஒரு தடை இருந்தால் அதன் உயரத்தைப் போல ஏழு முதல் பத்து மடங்கு தூரம் வரை காற்று கலங்கித்தான் வரும் என்பது பட்டக்காரர்களின் பொதுக்கணக்கு. 20 மீட்டர் தென்னை என்றால் 200 மீட்டர் தள்ளிப் போக வேண்டும். அங்கே 200 மீட்டர் தள்ளினால் அடுத்த தோப்பு வந்துவிடும். காங்கேயம், தாராபுரம் பக்கத்துக் கொரங்காடுகள், அதாவது வேலி போட்ட மேய்ச்சல் காடுகள், பார்க்க ஆசையாக இருந்தன. நல்ல கொழுக்கட்டைப் புல், சுற்றிலும் கிளுவை வேலி. ஆனால் உள்ளே அங்கங்கே வெள்வேல் மரம் நிற்கும், முள்ளில் கயிறு மாட்டினால் அறுத்துத்தான் எடுக்க வேண்டும். கடைசியில் அமைந்த மேட்டாங்காட்டில் மேற்கு எல்லையில் நெஞ்சுயரக் கிளுவை வேலி மட்டும். தெற்கு ஓரத்தில் ஒரு மின்கம்பி போனது. கார்பன் குச்சி மின்சாரம் கடத்தும். ஆகவே களத்தின் எந்த மூலையில் நின்றாலும் பட்டம் அந்தக் கம்பிக்கு 60 மீட்டருக்குள் போக முடியாதபடி எல்லைக்கயிறு கட்டினோம். தரையில் நெருஞ்சி முள். விரித்துப்போட்ட கயிறு அதை அப்படியே பொறுக்கிக்கொள்ளும். பைலட் நிற்கும் இடத்திலிருந்து பட்டம் எழும் இடம் வரை தார்ப்பாயை நீளவாக்கில் விரித்ததில் அந்தத் தொல்லை தீர்ந்தது.

அனுமதி விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். காவல் நிலையத்தில் பட்டம் என்ற சொல்லைக் கேட்டதும் வந்த முதல் கேள்வி, "மாஞ்சாங்களா?" தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2017 ஜூலையில் கண்ணாடிப்பொடி தடவிய நூலையும் செயற்கை மாஞ்சாவையும் நாடு முழுக்கத் தடை செய்திருப்பதால் அவர்கள் கேட்டதில் தப்பில்லை. எங்கள் கயிற்றில் கண்ணாடி கிடையாது, டைனீமா என்ற வழவழப்பான, உறுதியான இழைதான். ஒரு துண்டு வெட்டிக் கையில் கொடுத்தோம். இருந்தாலும் விண்ணென்று நிற்கும்போது அதுவும் தோலைக் கிழிக்கும் என்பதையும் மறைக்காமல் சொன்னோம், எல்லை எப்படிக் கட்டப்போகிறோம் என்று வரைபடம் காட்டினோம். 2024 கடைசி வரை நடைமுறையில் இருந்த 1934-ஆம் ஆண்டு விமானச் சட்டத்தின் வரையறையில் பட்டமும் அடக்கமாக இருந்தது என்பது பலருக்கும் ஆச்சரியமாக இருக்கும். கோவை விமான நிலையம், சூலூர் விமானப்படைத் தளம் இரண்டுக்கும் வெகுதூரம் தள்ளி இடம் பார்த்ததற்கு அதுவும் ஒரு காரணம். விநாயகர் சதுர்த்தியும் ஊர்வலமும் முடிகிற வரைக்கும் போலீஸுக்கும் நேரம் கிடையாது, மைக் செட்டுக்காரருக்கும் கிடையாது. தேதி குறிக்கும்போது பஞ்சாங்கத்தைப் பார்த்துவிடுவது நல்லது.

ஆள் கணக்கு முதலில், விதிமுறை அப்புறம்

சர்வதேசப் போட்டிகளில் வழக்கமான பிரிவுகள் துல்லியம், பாலே என்ற இரண்டு. துல்லியத்தில் குறித்துக் கொடுத்த உருவங்களை வானத்தில் போட வேண்டும். பாலேயில் இசைக்கு ஏற்ப ஆட வேண்டும். வித்தைகளை மட்டும் வைத்து நடத்தும் போட்டி தனி ரகம், ஐரோப்பாவில் ட்ரிக்ஸ் பார்ட்டி என்ற பெயரில் அது வளர்ந்தது. நாங்கள் முதலில் எழுதிய திட்டத்தில் மூன்றுமே இருந்தன. நாலு கயிற்றுப் பட்டத்துக்கு ஒரு தனிப் பிரிவும் இருந்தது. பிறகு ஆள் பட்டியல் போட உட்கார்ந்தோம்.

பாலே என்றால் ஒலிக்கு ஒரு ஆள், பாட்டுகளை வாங்கி வரிசைப்படுத்த ஒரு ஆள், கலை மதிப்பெண் போடத் தெரிந்த நடுவர்கள். துல்லியம் என்றால் ஒவ்வொரு உருவத்தையும் மனப்பாடமாக அறிந்த நடுவர்கள். கொங்கு நாட்டில் பட்டத் துல்லியத்துக்கு மதிப்பெண் போட எத்தனை பேருக்குத் தெரியும்? வெளியூரிலிருந்து வரச் சம்மதித்த, போட்டி அனுபவமுள்ள ஒரே ஒரு பெரியவர். அவரைத் தலைமை நடுவராக வைத்துக்கொண்டால், தீர்ப்புச் சொல்ல மிச்சம் யார்? பதிவு செய்திருந்த பன்னிரண்டு பைலட்டுகள்தான். கோவை, திருப்பூர், பெங்களூரு, மங்களூரு, சூரத் என்று பல ஊர்க்காரர்கள். வித்தையைப் பார்த்ததும் பெயர் சொல்லத் தெரிந்தவர்கள் அந்தக் களத்தில் அவர்கள் மட்டுமே.

போட்டியாளரே நடுவர் என்றதும் எல்லாரும் முகம் சுளிப்பார்கள். நியாயம்தான். ஆனால் பாரபட்சத்தைவிடப் பெரிய சிக்கல் வேறொன்று இருந்தது. நடுவர்கள் சுற்றுக்குச் சுற்று மாறினால் மதிப்பெண் ஒப்பிட முடியாமல் போய்விடும். ஒருவர் எதற்கும் ஆறுக்கு மேல் போடமாட்டார், இன்னொருவர் எட்டுக்குக் கீழே இறங்கமாட்டார். காலையில் கறார் நடுவரிடம் ஆடியவர், மாலையில் தாராளப் பேர்வழியிடம் ஆடியவரைவிடக் கீழே போய்விடுவார். அதே மூன்று பேர் நாள் முழுக்க உட்கார்ந்தால் பிரச்சினை இல்லை, அப்படி மூன்று பேர் எங்களிடம் இல்லை.

அதனால் மதிப்பெண்ணையே தூக்கிவிட்டோம். இருவர் நேருக்கு நேர். நடுவர் மூன்று பேர் கையிலும் இரண்டு கொடி. இந்த இருவரில் யார் நன்றாகச் செய்தார்? கொடியைத் தூக்கு, அவ்வளவுதான். கறாரானவரும் தாராளமானவரும் இந்தக் கேள்விக்குப் பெரும்பாலும் ஒரே பதிலைத்தான் சொல்வார்கள். (கொடிக்கு மஞ்சளும் நீலமும் எடுத்தோம். கறுப்பு, சிவப்பு என்று எடுத்தால் ஊரில் வேறு அர்த்தம் வந்துவிடும்.)

ஒரு மோதலில் பெட்டியிலிருந்து குலுக்கி எடுக்கும் மூன்று வித்தைகள், அதன்பின் ஆளுக்கு ஒரு நிமிடம் இஷ்ட ஆட்டம். வித்தை ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளி, இஷ்ட ஆட்டத்துக்கு இரண்டு. மொத்தம் ஐந்து, ஆக சமநிலை வராது. இருவருக்குமே வித்தை விழவில்லை, அதாவது சரியாக வரவில்லை என்றால்? அப்போதும் கிட்டத்தில் வந்தவருக்குக் கொடி தூக்கியே ஆக வேண்டும் என்று எழுதினோம். "செய்யாத வித்தைக்குப் புள்ளியா?" என்று பைலட்டுகள் முணுமுணுத்தார்கள். நான் இன்றைக்கும் அந்த விதியின் பக்கம்தான். யாருக்கும் இல்லை என்று சொல்லும் வாய்ப்பைக் கொடுத்தால், நடுவராக நிற்கும் சக பைலட் சங்கடமான நேரத்திலெல்லாம் அதற்குள் போய் ஒளிந்துகொள்வார்.

குழு பிரித்ததும் ஆள் கணக்கிலிருந்து வந்ததுதான். பன்னிரண்டு பேர், மூன்று மூன்றாக நாலு குழு. ஒரு குழு ஆடும்போது இன்னொரு குழுவின் மூவரும் நடுவர். முதல் குழுவுக்கு மூன்றாவது, இரண்டாவதற்கு நான்காவது, அப்படியே திருப்பியும். யாரும் தன் குழுவுக்குத் தீர்ப்புச் சொல்வதில்லை. குழுச் சுற்றில் பன்னிரண்டு மோதல். குழுவுக்கு இருவர் மேலே போனால் எட்டுப் பேர். அதன்பின் காலிறுதி நாலு, அரையிறுதி இரண்டு, மூன்றாமிடம் ஒன்று, இறுதி ஒன்று. மொத்தம் இருபது. தோற்றவர்கள் அடுத்தடுத்த சுற்றுக்கு நடுவர்கள். பலமான ஆளை முன்கூட்டியே வெளியேற்றிவிடலாம் என்று எந்த நடுவருக்கும் எண்ணம் வராதிருக்க, காலிறுதி ஜோடிகளைக் குழுச் சுற்று முடிந்த பிறகுதான் குலுக்கினோம். யாரோடு மோதப்போகிறோம் என்றே தெரியாதபோது யாரைத் தள்ளிவிடுவது? மூன்று கொடியும் விசிலுக்கு ஒரே நேரத்தில், ஊர் பார்க்க எழ வேண்டும் என்பது இன்னொரு காவல். தலைமை நடுவருக்குக் கொடி கிடையாது. வித்தையின் வரையறை பற்றிய சண்டை, மறு ஆட்டம், முறையீடு ஆகியவை மட்டும் அவர் கையில்.

முதல் நாள் சாயங்காலம் ஒரு வகுப்பறையில் எல்லாப் பைலட்டுகளையும் உட்காரவைத்து, வீடியோவைக் கால் வேகத்தில் ஓட்டினோம். அந்த இரண்டு மணி நேரம் இல்லாமல் போயிருந்தால் மறுநாள் களத்தில் கைகலப்பே நடந்திருக்கும். ஃபேட் என்றால் எத்தனை நேரம் மிதக்க வேண்டும் என்பதற்கே நாலு பதில் வந்தது. மூன்று விநாடி என்று முடிவானது. தட்டைச் சுழலில் எவ்வளவு சாய்வு வரை தட்டை என்று ஒத்துக்கொள்வது? இறக்கை நுனி மேலே தூக்கிக்கொண்டால் அது விழுந்ததா இல்லையா? ஒவ்வொரு வித்தைக்கும் மூன்று பேரை மட்டும் பதில் எழுதச் சொல்லி, ஒப்பிட்டோம். பதில் ஒத்துப்போகாத வித்தைகளைப் பெட்டியிலிருந்து எடுத்துவிட்டோம். 24 வித்தைகளோடு வந்த பட்டியல் 14-க்கு வந்து நின்றது. கழிந்தவற்றில் அழகான, கஷ்டமான வித்தைகள் இருந்தன. நடுவருக்கு அடையாளம் தெரியாத வித்தையைப் போட்டியில் வைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. வேண்டுமானால் இஷ்ட ஆட்டத்தில் செய்துகொள்ளட்டும்.

களத்தில் நிற்கிறவர்கள்

ஆடும் இருவரும் 70 மீட்டர் இடைவெளியில் நிற்பது என்பது முதல் ஏற்பாடு. 30 மீட்டர் கயிறு இரண்டு, நடுவே பத்து மீட்டர், பட்டங்கள் முட்டவே முட்டாது. ஒத்திகையில் பார்த்தால் நடுவில் நிற்கும் நடுவருக்கு இரண்டு பட்டமும் சாய்வாகத்தான் தெரிந்தது. தட்டையா இல்லையா என்று சாய்வில் நின்று சொல்ல முடியாது. 40 மீட்டராகக் குறைத்து, ஒருவர் ஆடும்போது மற்றவர் பட்டம் தரையில் கிடக்க வேண்டும் என்று விதி சேர்த்தோம்.

களப் பொறுப்பாளர்தான் இந்தப் போட்டியின் மிக முக்கியமான ஆள். தொடங்கு, நிறுத்து, இறக்கு என்று சொல்லும் அதிகாரம் அவருக்கு மட்டும். அந்த இடத்துக்கு அரசு உயர்நிலைப் பள்ளி பி.டி. ஆசிரியர் ஒருவரைப் போட்டோம். வாழ்நாளில் இரட்டைக் கயிற்றுப் பட்டத்தைத் தொடாதவர். பைலட்டுகளுக்குப் பிடிக்கவில்லை. ஆட்டம் புரியாதவர் ஆட்டத்தை எப்படி நடத்துவார் என்றார்கள். எனக்குப் புரிந்தவரை அதுதான் அவருடைய தகுதி. பட்டம் தெரிந்த ஆளை நிறுத்தினால் அவர் பட்டத்தைத்தான் பார்ப்பார். நல்ல யோ-யோ ஒன்று விழுந்தால் வாயைப் பிளந்து வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார். சார் ஒருதடவைகூட மேலே பார்க்கவில்லை. கயிறு எங்கே போகிறது, யார் எல்லையைத் தாண்டுகிறார், காற்றுமானி என்ன காட்டுகிறது என்று தரையிலேயே கண் வைத்திருந்தார். குரலும் விசிலும் சொல்லவே வேண்டாம்.

எல்லைக் காவலுக்குப் பக்கத்து ஊர்களில் ரேக்ளா நடத்தும் இளைஞர்கள் எட்டுப் பேர். ஓடிவரும் காளை வண்டிக்கு முன்னால் கூட்டத்தைப் பிளந்து வழி செய்து பழகியவர்கள். பத்து நிமிடம் சொன்னால் போதுமாக இருந்தது: பட்டத்துக்குக் கீழே, அதாவது கிழக்கே, ஆள் போகக் கூடாது, மற்ற பக்கம் எங்கே வேண்டுமானாலும் நிற்கட்டும். கூட்டத்தை மேற்கே நிறுத்த இவர்களைவிட அதிகமாக உதவியது டீ கேன். பந்தல், டீ, தண்ணீர்த் தொட்டி மூன்றையும் மேற்கு வேலியோரமாக வைத்ததும் ஜனங்கள் தானாக அங்கே போய் உட்கார்ந்துவிட்டார்கள்.

யாரும் கேட்டு வாங்காத வேலை ஒன்று உண்டு. அடுத்து ஆட வேண்டியவரைத் தேடிப்பிடித்து, பட்டத்தை மாட்டி, கயிறு விரித்து, தயாராக நிறுத்தி வைப்பது. வெளிநாடுகளில் பிட் பாஸ் என்கிறார்கள். வெயிலில் கத்திக்கொண்டே இருக்க வேண்டும், ஆட்டம் ஒன்றுகூடப் பார்க்கக் கிடைக்காது, தாமதமானால் எல்லாரும் அவரைத்தான் திட்டுவார்கள். கல்யாண மண்டபத்தில் பந்தி விசாரிக்கும் ஆள் மாதிரி. ஏழு நிமிடத்தில் முடிய வேண்டிய மோதல் ஒத்திகையில் பதினைந்து ஆனதற்குக் காரணம் ஆட்டமே இல்லை, இந்த மாறும் நேரம்தான். அதனால் களத்துக்குப் பின்னால் இன்னும் இரண்டு தார்ப்பாய் விரித்து, அடுத்த ஜோடி அங்கே கயிற்றை இழுத்துப் பிடித்துக்கொண்டு நிற்கும்படி செய்தோம். முன்னவர்கள் இறங்கியதும் ஆளுக்கு இரண்டு கல்லூரிப் பையன்கள் உதவியோடு அப்படியே முன்னால் நடந்து வந்துவிடுவார்கள். பத்து நிமிடத்துக்குள் வந்தது.

சம்பளத்தைப் பற்றி எங்களுக்குள் ஒரு வாக்குவாதம். நடுவர்களுக்கு மதிப்பூதியம் கொடுக்கலாம், மற்றவர்கள் தன்னார்வலர்கள் என்றார்கள் சிலர். நான் நேர்மாறாகச் சொன்னேன். நடுவராக நிற்பது கௌரவம், நல்ல இடத்திலிருந்து ஆட்டமும் பார்க்கலாம். எல்லையில் நிற்கிறவருக்கும் பிட்டில் நிற்கிறவருக்கும் கிடைப்பது வெயில் மட்டும். காட்டு வேலைக்கு என்ன கூலியோ அதற்குக் குறையாமல் அவர்களுக்குத்தான் கொடுக்க வேண்டும். அப்படியே கொடுத்தோம். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகும் ஒருவர்கூட இடத்தை விட்டு நகரவில்லை.

மற்றவர்கள்: கணக்குப் பலகையில் திருப்பூர் பனியன் கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் பார்க்கும் அக்கா ஒருவர். கிழிந்த துணிக்கு ஒட்டுப்போட தையல் மிஷினோடு ஒரு டெய்லர். ஒரு செவிலியர். காற்றுமானியும் ஸ்டாப் வாட்ச்சும் பிடிக்க ஒரு ஆள். மைக்கில் கோவில் விசேஷங்களுக்கு அறிவிப்புச் செய்து பழகிய உள்ளூர்க்காரர். அவர் காதோரமாகத் தோற்ற பைலட் ஒருவரை உட்காரவைத்ததில் பெரிய பலன். "பாருங்க, மல்லாக்கப் படுத்து மூக்க நம்ம பக்கம் நீட்டிருச்சு, இதுதானுங்க ஃபேட்!" என்று அவர் சொன்ன பிறகுதான் கூட்டம் கைதட்டத் தொடங்கியது. 2022-இல் மாமல்லபுரத்தில் தொடங்கிய பட்டத் திருவிழாவை டிவியில் பார்த்துவிட்டு, ராட்சதப் பட்டங்களை எதிர்பார்த்து வந்த கூட்டம் அது.

போட்டி நாள்

காலையில் காற்று 12, 14 கிலோமீட்டர். குழுச் சுற்று எண்ணெய் போட்ட மாதிரி ஓடியது. மூன்றாவது குழுவில் மட்டும் ஒருவர் ஒருவரை வென்று, அவர் மற்றவரை வென்று, அவர் முதலாமவரை வென்று, மூன்றுமே மூன்றுக்கு இரண்டு. புள்ளியும் சமம். விதிப்படி ஒரே வித்தை, மூவரும் செய்ய வேண்டும், தவறியவர் வெளியே. கேஸ்கேட் வந்தது. பட்டம் இடதும் வலதுமாக அரை ஆக்ஸல் போட்டுக்கொண்டே படிப்படியாக இறங்க வேண்டும். மூன்றாவது ஆளின் பட்டம் பாதியில் கயிற்றில் மாட்டிக்கொண்டது. சண்டை இல்லாமல் தீர்ந்தது.

காலிறுதியில்தான் சிக்கல். ஒரு பைலட் இஷ்ட ஆட்டத்தில் பிரமாதமாக ஆடிக்கொண்டிருந்தபோது நாற்பதாவது விநாடியில் நீண்ட விசில். ஆடு மேய்க்கும் அம்மா ஒருவர் மந்தையோடு கிழக்கு ஓரத்தில் உள்ளே வந்துவிட்டார். "ஏனுங்க, இது எங்க தடமுங்க, நித்தம் இப்பிடித்தான் போவோம்" என்றார். அவர் சொன்னது சரி, காலங்காலமாக அந்த வழி அப்படித்தான். பட்டத்தை இறக்கிவைத்து, மந்தை கடக்கும் வரை எல்லாரும் காத்திருந்தார்கள். பைலட்டுக்குக் கோபம். பி.டி. சார் அசையவில்லை. "தம்பி, ஆட்டம் அப்புறம். கயிறு கழுத்துல பட்டா யாரு பதில் சொல்றது?"

நிறுத்தப்பட்ட ஆட்டத்தை முதலிலிருந்து முழுதாக ஆடலாம் என்பது விதி. எதிராளி முறையிட்டார்: அவருக்கு மட்டும் ஒன்றரை ஆட்டம் கிடைக்கிறதே! தலைமை நடுவர் அதை ஏற்கவில்லை. முதல் நாற்பது விநாடியில் பார்த்ததை மறந்துவிடும்படி நடுவர்களிடம் சொன்னால் போதாது என்று அந்த மூவரையுமே அந்த ஒரு ஆட்டத்துக்கு மாற்றிவிட எண்ணினார். வெளியேறியவர்கள் நாலு பேர்தான், மாற்ற ஆள் இல்லை. அதனால் எதிராளியையும் இஷ்ட ஆட்டத்தை இன்னொரு முறை ஆடச் சொன்னார். இது விதியில் இல்லாதது. அந்த இடத்தில் அதைவிட நல்ல வழி எனக்கும் தோன்றவில்லை. அதன் பிறகு ஒவ்வொரு சுற்றுக்கும் இடையில் பத்து நிமிடம் தடத்தைத் திறந்துவிட்டோம்.

இரண்டு மணிக்கு மேல் காற்று 26, 28 என்று ஏறியது. ஒரு நிமிடத்துக்குத் தொடர்ந்து 28-ஐத் தாண்டினால் நிறுத்தம் என்பது எங்கள் வரம்பு. இரண்டு முறை நிறுத்தினோம். குறுக்குக் குச்சிகள் சில முறிந்தன, டெய்லருக்கும் கைநிறைய வேலை வந்தது. நாலரை மணிக்கு மேற்கே இடி கேட்டது. கடைசி இடியிலிருந்து முப்பது நிமிடம் போகாமல் பட்டம் எழக்கூடாது என்று ஏற்கெனவே எழுதி வைத்திருந்ததால் யாரும் வாதாடவில்லை. அந்த நேரத்தை ஈடுகட்ட மூன்றாமிட மோதலை விட்டுவிட்டு, பரிசை இருவருக்கும் பிரித்துக் கொடுத்தோம். இறுதி மோதல் ஐந்தேகாலுக்குத் தொடங்கியது. மழை வரவில்லை, காற்று 15-க்கு இறங்கியிருந்தது. அன்றைக்கு நல்ல வித்தைகள் எல்லாம் அந்தப் பத்து நிமிடத்தில்தான் விழுந்தன.

அடுத்த தடவைக்கு

தோட்டத்துக்காரர் இடம் தரத் தயார். ஆனால் முதல் மழைக்கே உழுதுவிடுவேன், அதற்குமேல் தள்ளிப்போட முடியாது என்று சொல்லிவிட்டார். தேதி அவர் கையில். வெளியேறியவர்களை மட்டும் நம்பாமல், ஆடாத நடுவர்கள் இருவரையாவது வெளியூரிலிருந்து அழைக்க வேண்டும். அதற்குப் பரிசுத் தொகையைக் குறைத்தாலும் பரவாயில்லை. மறு ஆட்டம் என்றால் இருவருக்கும் என்பதை விதியில் எழுதியாகிவிட்டது. ஆட்டுத் தடத்தை வரைபடத்திலேயே போட்டாயிற்று. பிட்டுக்கு அதே ஆள் வருவதாகச் சொல்லியிருக்கிறார், கூலியைக் கூட்டிக் கேட்கிறார், கொடுப்போம்.

களப் பொறுப்புக்குத்தான் ஆள் தேடிக்கொண்டிருக்கிறோம். போட்டி முடிந்த வாரமே பி.டி. சார் தனக்கு ஒரு பட்டம் வாங்கிக்கொண்டார். இப்போது அரை ஆக்ஸல் விழுகிறது என்று போன் செய்து சொல்கிறார்.